இரவல் அம்மா

"உன் வீட்டு விஷயம் ஊர் சிரிக்குது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் நர்ஸ் இப்படி ஆரம்பித்ததும், கையிலிருந்த மருந்துப் பெட்டியை அவள் கீழே வைத்தாள்.

"என்ன விஷயம்க்கா?"

"உங்கம்மா தினம் மத்தியானம் லைப்ரரிக்குப் போறாங்களே, எதுக்குன்னு நினைச்சே? படிக்கவா? அங்க இப்ப புத்தகம் மாதிரி ஆளுங்களையே இரவல் குடுக்கிறாங்க. அரை மணி நேரம் எதிர்ல உக்காந்து பேசிட்டு வரலாம். உங்கம்மா மேஜையில 'கேட்கலாம்'னு அட்டை வச்சிருக்கு. என் கண்ணால பார்த்தேன். என்னத்தைக் கேட்கிறது? உன் கதையைத்தான். வேற என்ன கதை இருக்கு அவங்ககிட்ட?"

அவள் முகம் சுண்டிப்போனது.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷன் வீட்டை விட்டு வந்தவள். ஏன் வந்தாள் என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அதுவும் ஒரே ஒரு தடவை, அழுகைக்கு நடுவில் சொன்னது.

அந்த அம்மா கொஞ்ச நாளாக வீட்டில் வாயே திறப்பதில்லை. தட்டை வைப்பாள், விளக்கை அணைப்பாள், அவ்வளவுதான். இப்போதுதான் காரணம் புரிந்தது. எல்லாவற்றையும் வெளியில் கொட்டிவிட்டு வந்தால், வீட்டில் பேச என்ன மிச்சமிருக்கும்?

பெர்மிஷன் சொல்லிவிட்டு நேராக நூலகத்துக்கு நடந்தாள். எத்தனை பேர் காதில் விழுந்ததோ? நேற்று மருந்துச் சீட்டு வாங்கிய அந்தப் பெண் ஏன் அப்படிப் பார்த்தாள்? பேச்சு புருஷன் வீடு வரைக்கும் போயிருந்தால்?

உள்ளே பாதி அலமாரிகளைக் காணோம். அந்த இடத்தில் சின்னச் சின்ன மேஜைகள். ஒன்றில் குழாய் ரிப்பேர்காரர், ஒன்றில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், ஒன்றில் வக்கீல் குமாஸ்தா. ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் நூலகரிடம்.

யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவங்க இரவல்ல இருக்காங்கம்மா. கொஞ்ச நேரம் ஆகும்."

"எங்கம்மாவைப் பார்க்க நான் காத்துக் கிடக்கணுமா?"

"புத்தகமா இருந்தாலும் அப்படித்தானே? வாசகர் கையிலேருந்து பிடுங்க முடியாதே."

"இது லைப்ரரியா, சந்தைக்கடையா சார்? வீட்டுக் கதையை அவிழ்த்து விடுறதுக்கு மேஜை, நாற்காலி வேற!"

"அவங்க ஒரு கதையும் சொன்னதா எனக்குத் தெரியலையே..." நூலகர் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி இந்தத் தெருவெல்லாம் குடும்பங்க. இப்ப மாடிக்கு மாடி, வேலைக்கு வந்த தனி ஆளுங்க. புத்தகம் எடுக்க மாட்டாங்க. ஆனா வந்து உக்காருவாங்க. சும்மா உக்கார்ந்துட்டு எழுந்து போவாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இப்படி மாத்தினோம்."

அவளுக்கு அந்த விளக்கமெல்லாம் ஏறவில்லை. விடுவிடுவென்று போய்க் கடைசி அலமாரிக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பக்கம் அம்மாவின் குரல். தன் பேச்சு எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"பொய். முகம் வாடிக் கிடக்கு. என்ன சாப்பிட்டே, சொல்லு?"

"டீ... ஒரு பன்னு."

"நாள் பூரா கேட்ல நிக்கிற ஆளு. பன்னு தாங்குமா? கால் வீக்கம் வத்திச்சா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நாளைக்குப் போறேம்மா."

"போன வாரமும் இதே நாளைக்குத்தான் சொன்னே."

சிரிப்புச் சத்தம். அவள் எட்டிப் பார்த்தாள். யூனிஃபார்ம் போட்ட காவலாளி, கதவளவு உயரம். சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேற கேளுங்கம்மா. இன்னும் நேரம் இருக்கு."

"தூங்கறப்ப கதவைப் பூட்டிக்கிறியா? போர்வை வாங்கினியா? வீட்டுக்குப் போன் பண்ணினியா, இல்லே அவங்களே பண்ணட்டும்னு இருக்கியா?"

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் நிதானமாகப் பதில் சொன்னான். விட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்வான் போலிருந்தது.

பின்னாலேயே வந்திருந்த நூலகர் மெல்லச் சொன்னார்: "அந்த அட்டையில நான்தான் தப்பா எழுதிட்டேன். எல்லா மேஜைக்கும் 'கேட்கலாம்'னு போட்ட மாதிரி இவங்களுக்கும் போட்டுட்டேன். இங்க கேட்கிறது அவங்கதாம்மா. வர்றவங்க பதில் சொல்றதுக்குன்னே வர்றாங்க."

காவலாளி எழுந்து, மேஜையைத் தொட்டுவிட்டுப் போனான்.

காலியான நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்தாள். அம்மா திடுக்கிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான்... வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"வீட்டுல வாய்க்குப் பூட்டு. இங்க வந்து எவனோ ஒருத்தனோட கால் வீக்கத்தை விசாரிக்கிறியா?"

அம்மா 'கேட்கலாம்' அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை சாப்பிட்டியான்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு? பெத்த பொண்ணு கண்ணுக்குத் தெரியலையா?"

அம்மா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேஜைக்குக் கேட்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீதானேடி, நான் கேள்வி கேட்டே கொல்றேன்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதே? அதான்... உன்னைக் கேட்கணும்னு வர்றதையெல்லாம் இங்க கேட்டுத் தீர்த்துட்டு வீட்டுக்கு வர்றேன்."