நாலாவது அட்டை

"இந்தக் கோழிப்பண்ணையை மூடற வரைக்கும் நம்ம ஊருக்கு விடிவு கிடையாது!"

காளிதாஸ் மைக்கைக் கீழே வைத்ததும் கிராம சபையே கைதட்டியது. சும்மாவா? மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பேச்சு. மொத்தம் பத்துக் குற்றச்சாட்டு. சோற்றில் ஈ, பாலில் ஈ என்று ஆரம்பித்து, தன் மகள் இலக்கியா வயிற்றுப்போக்கில் நாலு நாள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தது வரை அடுக்கிவிட்டார். பெற்ற மனசு இல்லையா, பேச்சில் அனல் பறந்தது.

பண்ணைக்காரர் காளியண்ணன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பண்ணையை மூடச் சொல்லிக் கலெக்டருக்குத் தீர்மானம் அனுப்பலாமா?" என்றார் ஊராட்சித் தலைவர் தேவிப்ரியா. கைகள் மளமளவென்று உயர்ந்தன.

"ஒரு நிமிசம் இருங்க."

எழுந்து நின்றவள் அனிதா. அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். பண்ணையை மூடினால் அவளோடு முப்பது பெண்களுக்கு வேலை போய்விடும்.

காளிதாசுக்குச் சுள்ளென்று ஏறியது. "வக்காலத்து வாங்க வந்தாச்சா? பண்ணையில சம்பளம் வாங்கறவ வேற எப்படி அம்மிணி பேசுவே?"

கூட்டம் சிரித்தது. அனிதா உட்காரவில்லை.

"அண்ணா, பத்து சொன்னீங்க. ஈ மொய்க்குது, புள்ளைங்களுக்கு நோவு வருது, அதெல்லாம் நெசந்தானுங்க. ஆனா அந்தப் பத்தும் ஒரே ஒரு பேச்சு மேலதானுங்க நிக்குது. ஈ பண்ணையில இருந்து வருதுங்கறது. அதை ஆராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

"இதைப் போய் வேற பாக்கோணுமாக்கும்! கோழி இருந்தா ஈ இருக்கும். ஊருக்கே தெரியும்."

"தெரியும்கறீங்க. பாத்தேன்னு சொல்ல மாட்டேங்கறீங்களே!"

சிரிப்பு இப்போது காளிதாஸ் பக்கம் திரும்பியது.

அனிதா ஒரு பையைத் திறந்தாள். விவசாயக் காட்டில் பயிர்ப் பூச்சி பிடிக்கக் கட்டுகிற, பசை தடவிய மஞ்சள் அட்டைகள், நாலு.

"ஒரே நாள்ல நாலு எடத்துல கட்டுனதுங்க. எந்த எடம்னு பின்னால எழுதி, நம்ம ஊராட்சிச் செயலர் கலைமணி சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. எது பண்ணை அட்டைன்னு நீங்களே சொல்லுங்கண்ணா."

மூன்று அட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈ. நாலாவதில் மஞ்சளே தெரியவில்லை. கறுகறுவென்று அப்பியிருந்தது.

"இதுதான்! இன்னும் என்ன சாட்சி வேணும்?" நாலாவதைத் தூக்கிக் காட்டினார் காளிதாஸ். கூட்டமும் ஆமாம் போட்டு மறுபடி கை தூக்கியது.

"மத்த மூணையும் திருப்பிப் படிங்க."

திருப்பினார். "ரேஷன் கடை... பள்ளிக்கூடம்..." மூன்றாவதில் குரல் இறங்கிவிட்டது. "பண்ணை வாசல்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. பின்வரிசையில் முட்டை பொறுக்கும் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள். காளியண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒற்றைக் கேள்வியில் பத்துக் குற்றச்சாட்டையும் சாய்த்துவிட்டாள் அனிதா!

காளிதாஸ் அசடு வழிந்தாலும் விடுவதாக இல்லை. மகளைப் படுக்க வைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அப்ப இந்த நாலாவது?"

"காட்டுக்கு வாங்கற கோழி எருவை மூடாமக் கொட்டி வச்சு, அது மழையில நனைஞ்சா அங்கதானுங்கண்ணா ஈ பெருகுது. அப்படி ஒரு எருக் குமி மேல கட்டுன அட்டை அது."

"ஆரு ஊட்டு எரு? அந்த ஆளை இந்தச் சபையில எந்திரிச்சு நிக்க வெக்கோணும்!" கத்திக்கொண்டே அட்டையைத் திருப்பினார் காளிதாஸ்.

கலைமணியின் கையெழுத்துக்கு மேலே இரண்டே வார்த்தை. 'அனிதா காடு.'

"நின்னுட்டுத்தானுங்கண்ணா இருக்கறேன்," என்றாள் அனிதா.