பல பொருள் ஒரு சொல்

மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத்தான் ரேடியோ அக்கா ஏறினார். ஆனால் காது என்னவோ, மாடியில் புதிதாகக் குடிவந்த அண்ணன் தம்பி இருவரின் கதவில்தான் இருந்தது.

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். போன மாதம், டெய்லர் மனைவி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் ஒலிபரப்பினார். அவளோ கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள்! அன்றைக்கே கணவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு வம்பு வந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அதிலிருந்து பாவம், வாயைப் பூட்டித்தான் வைத்திருந்தார்.

உள்ளே அண்ணன்காரர் குரல் கேட்டது. "சொன்னா கேளுடா. குண்டு நீ வெச்சுடு."

"வெச்சா இடம் பத்தாதுண்ணே," என்றான் தம்பி.

"இடத்தை நான் பாத்துக்கறேன். இன்னிக்கே முடிச்சாகணும்."

ரேடியோ அக்கா கதவிலிருந்து காதை எடுத்தார். சொன்னால் கணவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் தெருவே போய்விடும்.

படி இறங்கும்போதே ஒலிபரப்பு ஆரம்பமாகிவிட்டது. "ஐயையோ, குண்டு! மாடியில குண்டு! ஓடுங்க!"

போலீஸ் மைக் வைத்துக் கத்தியிருந்தால்கூடத் தெரு அவ்வளவு சீக்கிரம் காலியாகியிருக்காது. அடுப்பை அணைத்தவர்கள் கதவைச் சாத்தவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் படையோடு வந்து, ரேடியோ அக்காவையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். காகிதக் கட்டுகளுக்கு நடுவே அண்ணன்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி சாப்பாடு வாங்கப் போயிருக்கிறானாம்.

"குண்டா? நாங்க அகராதி எழுதறவங்க சார். குண்டுணின்னு ஒரு பழைய சொல். அதை அகராதியில வைக்கலாமா, எடுத்துடலாமான்னுதான் தம்பியோட சண்டை."

"குண்டுணியா? அப்படின்னா?"

"கோள்மூட்டி. ஒட்டுக்கேட்டுட்டு ஊர் பூரா பத்த வைக்கிற ஆளு."

இன்ஸ்பெக்டர் ரேடியோ அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் நின்ற போலீஸ்காரர்கள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்கள். அக்காவின் மானம் கப்பலேறிவிட்டது.

"மன்னிச்சுக்குங்கய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பரவாயில்ல சார். ஆனா இந்த அமளியில இங்க வேலை ஓடாது. ஒரு வண்டி கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டரே ஓடிப்போய் வண்டி பிடித்து, அவர் பெட்டியையும் தூக்கி வைத்து, கும்பிட்டு அனுப்பினார்.

தெரு சிரித்துக்கொண்டே வீடு திரும்பியது. கணவர் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பத் துணி எடுக்கப் போனார்.

பீரோ திறந்து கிடந்தது. நகைப் பெட்டியைக் காணோம். அவர் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டில் ஓர் அலறல். டெய்லர் வீட்டில் இன்னொன்று. அப்புறம் தெரு முழுக்க.

மாடியில் அண்ணன் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி வீடு வீடாகப் புகுந்து பொருள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.