சூடு வரவில்லை

"லைட்டு எரியுது தம்பி. சூடுதான் வர மாட்டேங்குது."

ஏலவார்குழலிக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் அலைந்தாள். கூடத்தில் அவள் வீட்டுக்காரர் தர்மன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். செவிலிமேடு பஸ் ஸ்டாப் பஜ்ஜிக் கடைக்குத்தான் கிளம்புகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தர்மன் எங்கே கேட்டார்? தன் நெஞ்சு கெட்டது எண்ணெயால் இல்லை, அந்த ஜீவிதா வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டதால்தான் என்பார். மகள் பேரை அந்த வீட்டில் வேறு யாரும் எடுக்கக் கூடாது. திட்டுவதற்கு மட்டும் அவர் எடுப்பார். இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார ஏலவார்குழலிக்குத் தெம்பில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சமயம்தான் எண்ணெய் இல்லாமலே மொறுமொறுவென்று பொரிக்கிற இந்த ஏர் ஃப்ரையர் கூரியரில் வந்தது. அனுப்பியவர் பேர் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் குரு எதையும் வாய் திறந்து சொல்லாமல் செய்கிற ரகம். அவன்தான் அனுப்பியிருப்பான் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அட்டைப்பெட்டியின் மேல் 'சர்வீஸ்' என்று மார்க்கரில் எழுதி ஒரு நம்பர் இருந்தது. அந்தக் கம்பெனிக்காரத் தம்பியிடம்தான் இப்போது பேசிக்கொண்டிருந்தாள்.

தம்பி பொறுமைசாலி. வேறு பிளக்கில் மாட்டச் சொன்னான், மாட்டினாள். கூடையை வெளியே இழுத்து, டக்கென்று சத்தம் வரும்வரை உள்ளே தள்ளச் சொன்னான். தள்ளினாள். டக் வரவில்லை. கூடை சரியாக மூடாவிட்டால் சூடு வராது, நடுவில் எதுவோ சிக்கியிருக்கிறது என்றான்.

"ஒண்ணியும் சிக்கலைபா. கோவில் இட்லியத் துண்டு போட்டு வெச்சிருக்கேன், அவ்ளோதான். சீக்கிரம் சொல்லு, எங்க ஊட்டுக்காரரு செருப்ப மாட்டிக்கினு இருக்காரு."

"கோவில் இட்லியா? ஒரு நிமிஷம்மா, லைன்ல இருங்க."

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுப்பு கேட்டது. கம்பெனியில் பெரிய ஆள் யாரையோ கேட்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கூடைக்குள்ள மந்தாரை இலை போட்டிருப்பீங்க. அதோட ஓரம் வெளிய நீட்டிக்கினு இருக்கும். எடுத்துட்டு மூடிப் பாருங்க."

எடுத்தாள். மூடினாள். டக். கொஞ்ச நேரத்தில் அனல் கையில் அடித்தது. மிளகும் சுக்குமாக இட்லி வாசனை வாசல்வரை போயிற்று. ஒற்றைச் செருப்போடு நின்ற தர்மன் அதையும் கழற்றிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

நன்றி சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆவியில் வேகவைக்கிற மூங்கில் கூடையானாலும் சரி, கரண்ட்டுக் கூடையானாலும் சரி, கோவில் இட்லி என்றால் அடியில் மந்தாரை இலை போடாமல் அவளுக்குக் கை ஓடாது. ஆனால் இலை போட்டதை அவள் சொல்லவே இல்லையே. அவள் கைப்பழக்கம் அவ்வளவு தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

கூடத்தில் இருப்பவருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"சூடு வந்துடுச்சு மாப்ளே. போன அவகிட்ட குடுங்க."