கடுகளவு ஓட்டை

பல் ஆஸ்பத்திரியில், லாரி டிரைவரின் கீழ்த்தாடைப் படம் திரையில் மெல்லச் சுழல்கிறது. கடைவாய்ப்பல் ஈறைத் தொடும் இடத்தில் மட்டும் படத்தில் கடுகளவு ஓட்டை. வாய்க்குள் விடும் ஸ்கேனரின் முனை அங்கே எட்டவில்லை. "அத மெஷினே நிரப்பிக்கும், லேபுக்கு அனுப்பி விடும்மா. வெளிய ஆறு பேர் காத்திருக்காங்க," கதவோரம் நின்றபடி சொல்கிறார் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் திரும்பவில்லை. "குத்துமதிப்பாத்தான் நிரப்பும் சார். அதை வச்சு பல்லுக்கு மேல மாட்டுற கேப் செஞ்சா இவருக்கு இதுவும் கழண்டுடும். ஏற்கெனவே ரெண்டு கேப் போயிருக்கு." "வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆகல, எனக்கே பாடமா?" அவளுக்குக் காது மடல் சுடுகிறது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியும். டிரைவரின் வாயிலிருந்து நனைந்த பஞ்சை எடுக்கிறாள். அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்க்கிறார். "அண்ணே, வலிக்கும்னு தெரியும், இன்னும் ஒரே ஒரு தடவை..." "ரெண்டையும் சாப்பாட்டோட முழுங்கியாச்சு தங்கச்சி. மூணாவதுக்கு வயித்துல இடமில்ல," என்றவர், அவள் கேட்குமுன்பே ஆவென்று திறக்கிறார். புதுப் பஞ்சு வைத்து, காற்றடித்து ஈறை உலர்த்தி, முனையைச் சாய்த்து நுழைக்கிறாள். கதவோரம் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. திரையில் ஓட்டை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது.