பெஞ்சுக்கு அடியில்

அவன் முகமூடியை மாட்டியதும் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அதுவரை தீயணைப்பு நிலையம் திருவிழா மைதானமாகத்தான் இருந்தது. வண்டியின் மணியை ஆளுக்கொரு தடவை அடித்தார்கள். குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். பாதித் தண்ணீர் மிஸ்ஸின் புடவையில்தான் விழுந்தது. சட்டையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் பாக்கியில்லாமல் உருண்டு, வெள்ளைச் சட்டையைச் செம்மண் நிறமாக்கினார்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது என்றான்.

"ஃபேன் கூடவா?"

ஃபேன் கூடத்தான்.

கடைசிப் பாடம் முகமூடி. அதை மட்டும் அவன் அவசரப்பட்டு நடத்த மாட்டான்.

முதலில் பூட்ஸ். "இப்பவும் நான்தானே?" என்று கேட்டான். "ஆமா" என்றார்கள். பிறகு கனத்த கோட்டு. "இப்பவும் நான்தானே?" "ஆமா." முதுகில் காற்று சிலிண்டர். "ஆமா."

பிறகு முகமூடி. அதற்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. பேச்சு உறுமலாகத்தான் வெளியே வரும்.

கறுப்பு ரப்பர். முகம் முழுக்கக் கண்ணாடி. புஸ், புஸ் என்று மூச்சு.

துணிந்த பையன் ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

ஒருத்தி மட்டும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். முன்வரிசையில் நின்று உரக்க "ஆமா" சொன்னவள்தான்.

மிஸ் குனிந்து கூப்பிட்டாள். "ரூபிகா, வெளிய வா. வரலன்னா இந்தப் பூச்சாண்டிகிட்டயே விட்டுட்டுப் போயிருவேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

முன்பு அவன் தீயணைக்கப் போன அந்த வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

அடுப்பில் மறந்துபோன எண்ணெய்ச் சட்டி. தீ அடுக்களையோடு நின்றுவிட்டது. புகைதான் அறைவரை வந்துவிட்டது. வாசலில் அக்கம்பக்கத்தார் பிடித்து நிறுத்திய தாய், "முகிலு, முகிலு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவன் தவழ்ந்து போனான். கண் தெரியவில்லை. கட்டில் தட்டுப்பட்டது. அதற்கு அடியில் பெட்டிகள், மூட்டைகள். இடுக்கில் கையை விட்டான்.

சின்னப் பாதம் ஒன்று அகப்பட்டது.

உதைத்தது. நழுவிப் போயிற்று.

"வா" என்றான். உறுமலாகத்தான் வந்தது.

பெட்டிகளுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. இன்னும் உள்ளே, சுவரை ஒட்டி. அப்புறம் சத்தமே இல்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஒரு முனகல் கேட்டிருந்தாலும் போதும், கை அந்தப் பக்கம் போயிருக்கும். ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் போட்டுத்தான் அவனால் போக முடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தாய் அவனைத் தேடி வந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் உயிர் தங்காது என்பதுபோல நின்றாள்.

"ராத்திரி தூங்கவே மாட்டான் சார். பூச்சாண்டி வந்தா மூச்சுக் காட்டாமப் படுத்துக்கணும்னு நான்தான் பழக்கி வச்சேன்."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

"மாஸ்கைக் கழட்டிருங்க சார், வந்துருவா" என்றாள் மிஸ்.

கழற்றினால் வந்துவிடுவாள்தான். புகைக்குள் எப்படிக் கழற்றுவது?

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். தரையில் முட்டி போட்டான். அதுவும் உயரமாகத் தெரியவே குப்புறப் படுத்தான். கையை மல்லாத்திப் பெஞ்சுக்கு அடியில் நீட்டினான். இழுக்கவில்லை. தொடவும் இல்லை.

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

புஸ். புஸ்.

ரூபிகா சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடி மங்கிற்று. இந்தப் பிள்ளை இன்று இந்தக் கையைத் தொடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. அது மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு கை வாயை விட்டு இறங்கியது. மெதுவாக ஊர்ந்து வந்து கண்ணாடியைத் தட்டியது.

"உள்ள யாரு?"

"நான்தான்" என்றான். உறுமல்தான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவனுடைய விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ் கைதட்டினாள். பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். ரூபிகா ஜன்னலிலிருந்து முகமூடிக்கு டாட்டா காட்டினாள். வேன் தெருவைத் திரும்பிப் போயிற்று.

அவன் மறுபடியும் பெஞ்சருகே வந்து படுத்தான்.

கொட்டகையில் பம்பு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டும் செல்லையா அந்த வீட்டுக்கும் அவனோடு வந்தவர். எந்தப் பள்ளிக்கூடம் வந்து போனாலும், அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

போய் மோட்டாரை நிறுத்தினார். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையும் நிறுத்தினார்.

அவன் கையைப் பெஞ்சுக்கு அடியில் நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது.

"வா."

பிறகு, ஒரு முனகலாவது கேட்கிறதா என்று புஸ் என்ற மூச்சையும் அடக்கிக்கொண்டான்.

செல்லையாவும் மூச்சுக் காட்டாமல் நின்றார்.