சித்தி பொண்ணு கட்டுரை

சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. கணினியில் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நாலு மணிக்குத் துறை வாசலில் இருக்கும் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் அவள் கட்டுரை விழவில்லையென்றால் இந்த வருடமும் போச்சு. போன வருடம் ஏற்கெனவே போயிருந்தது.

ஆனால் எழுதிக்கொண்டிருந்தது தன் கட்டுரையை அல்ல. அறைத்தோழியின் சித்தி மகளுக்கு. பாடம் ஒன்றுதானாம், வேறு பிரிவாம், இதே பெட்டிதானாம்.

விடுதியில் பாதிப் பேருக்கு அவள்தான் எழுதிக் கொடுப்பாள். கேட்ட அன்றே முடித்துவிடுவதால் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். தன்னுடையதில் மட்டும் தலைப்பே நாலு முறை மாறிவிட்டது. ஒரு வரி எழுதுவாள், அழிப்பாள், எழுந்து போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். கேட்டால் நாளைக்கு என்பாள்.

அன்று காலை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். படிப்புக்கு நான் லாயக்கில்லை, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். கதவுக்கு வெளியே நின்ற அறைத்தோழி சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"சரி, நீ ஊருக்கே போ. போறதுக்கு முன்னாடி என் சித்தி பொண்ணுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துடு. அவளாவது பொழைக்கட்டும்."

தாழ்ப்பாள் திறந்தது.

மூன்று மணிக்குக் கடைசி வரியும் முடிந்தது. முதல் பக்கத்தில் பெயர் என்ன போடுவது என்று கேட்டாள்.

"அத விடு. எங்க அத்தை பொண்ணுக்குத் தன் பேராவது எழுதத் தெரியும்" என்றாள் அறைத்தோழி.

அச்சுக் கடைக்குள் அறைத்தோழி மட்டும் போய் வந்தாள். அங்கிருந்து துறைக்கு ஓடினார்கள். பெட்டியருகே பியூன் சாவியோடு நின்றிருந்தார்.

அறைத்தோழி முதல் தாளைப் பின்னால் மடித்துப் பிடித்தபடி, ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடு என்று கட்டுரையை நீட்டினாள்.

எக்ஸ்பிரஸ் நின்றபடியே புரட்டினாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"தைரியமா போடுடி. அவ வகுப்புல இதவிட நல்லதா ஒண்ணு வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அறைத்தோழி மடித்த தாளை விரித்தாள். அதில் எக்ஸ்பிரஸின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. சித்தி பொண்ணும் கிடையாது, அத்தை பொண்ணும் கிடையாது என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போடுவதானால் சீக்கிரம் போடும்மா என்று பியூன் சாவியை ஆட்டினார்.

எக்ஸ்பிரஸ் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டுரையைப் பிடுங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"இது வேணாம்டி. ரொம்ப சுமாரா இருக்கு."