பதினெட்டாம் பொருள்

பின்கழுத்தைச் சோப்புப் போட்டு மூன்றாவது முறை கழுவியும் அவளுக்கு அந்த ஈரம் போன பாடில்லை.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி அலுவலகம் அது. அட்டை எழுதுவது அவள் வேலை. இன்றைக்கு 'டச்' என்ற சொல்லின் முறை. விரல் படுவதும் டச். தொடர்பு விட்டுப்போகாமல் பேசிக்கொண்டிருப்பதும் டச். மனதை உருக்குவதும் டச், சமையலில் போடும் ஒரு சிட்டிகை உப்பும் டச். மொத்தம் பதினேழு பொருள், பொருளுக்கு இரண்டு மூன்று அட்டை.

பதினோரு மணிக்குப் பதிப்பாசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் ஐயா. மேடை ஏறிப் பெண்மையைப் போற்றினால் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் கதவைச் சாத்திவிட்டு, எடுத்துக்காட்டுகளை வாயால் சொல்லாமல் கையால் செய்து காட்டினார்.

முதல் பொருளுக்குத் தோள். இரண்டாவதுக்கு முதுகு. மூன்றாவதுக்கு, இருமல் மிட்டாய் நாறும் வாயோடு குனிந்து, பின்கழுத்தில் அந்த ஈரக் கை.

"அப்பா மாதிரி நெனச்சுக்கோம்மா."

தூ. பல்லி விழுந்திருந்தால்கூட உதறியிருப்பாள். இதை உதறக் கை எழவில்லை.

அவளை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவில் ஐயா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் நாளைக்கும் அந்தக் கதவு சாத்தப்படும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. போட்டவரே ஐயாதான். எடுத்துக்காட்டு கற்பனையாக இருக்கக் கூடாது. யார், எங்கே, என்றைக்கு என்று அட்டையில் இருக்க வேண்டும். எழுதிய அட்டையை அவரே ஆனாலும் கிழிக்கக் கூடாது. சாயங்காலம் அட்டைக் கட்டு நேராக அறிஞர் குழுவுக்குப் போய்விடும். ஒரு பொருளுக்கு இரண்டு அட்டையாவது இல்லாவிட்டால் குழு அதைத் திரும்பியும் பார்க்காது.

அவளிடம் இருந்தது ஒன்றுதான். இருந்தாலும் புது அட்டையை எடுத்தாள்.

பதினெட்டாம் பொருள்: விருப்பமில்லாதவர் மேல் கை வைத்தல். எடுத்துக்காட்டு: பின்கழுத்தில் கை வைத்து, 'அப்பா மாதிரி' என்றார். யார்: பதிப்பாசிரியர். எங்கே: அவர் அறை, கதவு சாத்தியிருந்தது. என்றைக்கு: இன்று, பகல் பதினொன்று பத்து.

அட்டைகளைச் சரிபார்த்துக் குழுவுக்கு அனுப்புகிறவர் எதிர் மேசை அக்கா. இருபது வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறவர். ஐயா எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதால் தலையாட்டி அக்கா என்று பெயர். காலையில் அந்தக் கதவு சாத்தியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐயாவின் மேல் இருந்த அருவருப்பில் பாதி இவர் மேலும் அவளுக்கு இருந்தது.

அட்டையை நீட்டினாள். அக்கா ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

போச்சு, அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

அக்கா பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணு போதாதும்மா."

குனிந்து, கடைசி இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சளேறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி, அட்டைக் கட்டின் மேல் வைத்தார்.

அதே அறை. அதே ஆள். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அக்காவின் குண்டுக் கையெழுத்து.

பின்கழுத்தில் கை வைத்து, 'அண்ணன் மாதிரி' என்றார்.